இன்ஜினைப் பிரிக்கும் முன் புரொப்பல்லரை அளந்து பாருங்கள்

கடலூர் முதுநகரை அடுத்த மீனவ கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி ஏழு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

குடும்பத்துக்கு 14.5 மீட்டர் நீளமுள்ள மர விசைப்படகு ஒன்று இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் பழைய படகை இழந்த மாமனார், அடுத்த ஆண்டே இந்தப் படகைக் கட்டி, 120 குதிரைத்திறன் கொண்ட 6 சிலிண்டர் டீசல் இன்ஜினைப் புதிதாக வாங்கிப் பொருத்தினார். 2018இல் முதல் ஓவர்ஹால், அதாவது இன்ஜினை முழுதாகப் பிரித்துத் தேய்ந்த பாகங்களை மாற்றும் வேலை, நடந்தது. அதன் பிறகு நான்கு ஆண்டுகள் குறையில்லாமல் ஓடியது. 2022 மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டாவது ஓவர்ஹால் செய்தார்கள். அதே ஆண்டு மழைக்காலத்தில் முகத்துவார மணல்திட்டில் தட்டிப் புரொப்பல்லர் வளைந்துவிட, 36 அங்குலத்துக்குப் பதிலாக உறவினர் படகில் கழற்றி வைத்திருந்த 38 அங்குலப் புரொப்பல்லரை மாட்டினார்கள். இப்போது இன்ஜின் எண்ணெய் குடிக்கிறது. மடி (இழுவலை) இழுக்கும்போது கரும்புகை தள்ளுகிறது. வெப்பமானி 95 பாகையைத் தொடுகிறது.

மூன்று வழிகள் அவர்கள் முன் இருக்கின்றன. பட்டறை மறுபடியும் ஓவர்ஹால் செய்ய 3,40,000 ரூபாய் கேட்கிறது. கியர்பாக்ஸுடன் புது இன்ஜினுக்கு 9,80,000 ரூபாய் என்று விலைப்பட்டியல் வந்திருக்கிறது. லாரியிலிருந்து கழற்றிய இன்ஜின் ஒன்றை 2,60,000 ரூபாய்க்கு மாட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கணவருக்கோ, பக்கத்துப் படகைப் போல 200 குதிரைத்திறனுக்குப் போய்விட வேண்டும் என்று ஆசை. மீன் ஏலம் விடுபவர் வட்டியில்லாமல் 6 லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "மூன்றாவது முறை பிரித்த இன்ஜின் கரைக்குத் திரும்பாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஐயா. உண்மையா?" என்பது சகோதரியின் கேள்வி. கொழுந்தனாரின் பைபர் படகு இன்ஜினைப் பற்றியும் கடைசியில் நான்கு வரி கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த கணக்கு நோட்டின் பக்கங்களை இரண்டு முறை படித்தேன். எந்த நாளில் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை லிட்டர் டீசல், எத்தனை லிட்டர் இன்ஜின் ஆயில், டிரைவர் சொன்ன சுற்று எவ்வளவு என்று மாமனார் காலத்திலிருந்து விடாமல் எழுதி வந்திருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளாகப் படகு இன்ஜின்களைப் பார்த்து வருகிறேன். இப்படி ஒரு நோட்டு கைக்குக் கிடைப்பது அரிது. நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டுமல்ல, கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2022 ஆகஸ்டில், ஓவர்ஹால் முடிந்து இரண்டு மாதம் ஆன நிலையில், வலை இல்லாமல் முழு வேகத்தில் ஓடும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 1,780 சுற்று காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். இன்ஜினின் குறித்த சுற்று 1,800. ஆக, இன்ஜின் அப்போது நல்ல நிலையில் இருந்தது. நவம்பரில், புரொப்பல்லர் மாற்றிய மறுவாரம், அதே முழு வேகத்தில் 1,560 என்று குறித்திருக்கிறீர்கள். பக்கத்தில் 'கியருக்குப் பழக வேண்டும் என்றார்' என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பும் இருக்கிறது. கியர் பழகவில்லை, சகோதரி. அன்றிலிருந்து இன்ஜின் தன்னால் தாங்கக்கூடிய சுமையை மீறி ஓடிக்கொண்டிருக்கிறது.

புரொப்பல்லரின் சுமை, அதன் விட்டத்தின் ஐந்தாம் மடங்கில் ஏறும். 36 அங்குலத்திலிருந்து 38 அங்குலத்துக்குப் போவது பார்வைக்கு இரண்டு விரல் அகலம்தான். ஆனால் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்குப் புரொப்பல்லர் முன்னேறும் தூரம், ஒன்றாகவே இருந்தால், அதே சுற்றில் அதைச் சுழற்ற ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். இன்ஜினிடம் அது இல்லாததால் சுற்று குறைகிறது. 1,800 சுற்று இன்ஜின் எங்கே போய் நிற்கும் என்று காகிதத்தில் கணக்கிட்டால் 1,570க்குப் பக்கத்தில் வருகிறது. உங்கள் டிரைவர் பார்த்துச் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எப்போதும் அதை முழுதாகத் திறந்து வைத்திருக்க, சுற்று மட்டும் ஏறாமல் இன்ஜின் திணறும்போது, உள்ளே போகும் காற்று அத்தனை டீசலையும் எரிக்கப் போதாது. எரியாத கரி புகைபோக்கியில் கரும்புகையாக வெளியேறும். பிஸ்டன் ரிங்குகளின் பள்ளத்திலும் படியும். ரிங்குகள் ஒட்டிக்கொள்ளும், லைனர் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை) தேயும், எண்ணெய் மேலேறி எரியும். 2018 ஓவர்ஹால் நான்கு ஆண்டு உழைத்ததற்கும், 2022 ஓவர்ஹால் அவ்வளவு உழைக்காததற்கும் பட்டறையின் கைத்திறனை நான் உடனே குறை சொல்லமாட்டேன். 'இன்ஜினுக்கு வயதாகிவிட்டது' என்ற முடிவையும் இப்போதைக்கு ஏற்கமாட்டேன். இந்தப் புரொப்பல்லரை அப்படியே விட்டுவிட்டு 9,80,000 ரூபாய்க்குப் புது இன்ஜின் வாங்கிப் பொருத்தினாலும், இரண்டு மூன்று ஆண்டுகளில் இதே கடிதத்தை மறுபடி எனக்கு எழுதுவீர்கள். எனக்கு உங்களிடம் சொல்ல வேண்டியது முதன்மையாக இதுதான்.

பெரிய புரொப்பல்லர் என்பதே தவறு என்று இதைப் பொருள்கொள்ள வேண்டாம். மடி இழுப்பதற்கு, மெதுவாகச் சுழலும் பெரிய புரொப்பல்லர் நல்லதுதான். ஆனால் அதற்கேற்ற கியர் விகிதம் வேண்டும். உறவினர் படகில் அந்த விகிதம் இருந்திருக்கும்; உங்கள் படகில் இல்லை.

தடைக்காலத்துக்கு முன் செய்ய வேண்டிய சோதனை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்தான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். மே மாதம் எல்லா லேத் பட்டறைகளிலும் கூட்டம் நெரியும். ஆகவே படகு தொழிலுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே, ஒரு நாள் வழக்கமான டீசலும் ஐஸும் ஏற்றிய நிலையில், வலை இறக்காமல், ஆழமான தண்ணீரில் பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். டேஷ்போர்டு மீட்டரை நம்ப வேண்டாம். கையில் பிடிக்கும் டாக்கோமீட்டர் ஒன்றைக் கடன் வாங்கி, கிராங்க் புல்லியில் காட்டி அளக்கச் சொல்லுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் போட்டு, சுமையில்லாத உச்சச் சுற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நியூட்ரலில் 1,800க்கு மேல் தாராளமாக ஏறி, சுமையில் மட்டும் 1,560க்கு இறங்கினால் டீசல் பம்பின் கவர்னர் சரியாக இருக்கிறது, குற்றம் சுமையில் என்று பொருள். நியூட்ரலிலேயே ஏறவில்லை என்றால் பம்பையும் லிவர் கேபிளையும் பார்க்க வேண்டும்.

கூடவே, குளிர்விப்பை ஒரு முறை கவனியுங்கள். உப்பனாற்றுக்குள் படகு நிறுத்தும் எல்லோருக்கும் உள்ள தொல்லை இது: கலங்கிய சேற்று நீர் ஸ்ட்ரெய்னரைத் தாண்டி உள்ளே போய், கடல் நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரைத் தேய்த்து, இன்ஜின் நீரைக் கடல் நீரால் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய்களில் படிந்துவிடும். சென்ற ஆண்டு ஒரு படகில் நான் கழற்றிய எக்ஸ்சேஞ்சரில், மூன்றில் ஒரு பங்குக் குழாய்கள் களிமண்ணால் அடைபட்டு, விரலால் அழுத்தினால் சாம்பல் நிறப் பென்சில் குச்சிபோல வெளியே வந்து விழுந்தன. உங்கள் 95 பாகையில் பாதி சுமையால் வருவதாக இருக்கலாம். மீதிப் பாதி இப்படிப்பட்ட ஒன்றாக இருக்கக்கூடும். துத்தநாகக் கட்டைகள் மிச்சம் இருக்கின்றனவா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அவை கரைந்து தீர்ந்துபோன படகில், உப்பு நீர் அடுத்துக் கரைக்கத் தொடங்குவது எக்ஸ்சேஞ்சரையும் குழாய் இணைப்புகளையும்தான்.

எண்ணெய்க் கணக்குக்கு வருகிறேன். நல்ல நிலையில் உள்ள இன்ஜின், எரிக்கும் டீசலில் நூற்றுக்கு அரை பங்கு அளவுக்கு ஆயில் செலவழிக்கலாம். நீங்கள் 12 மணி நேரத்துக்கு 216 லிட்டர் டீசலும் 3 லிட்டர் ஆயிலும் எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு சதவீதத்தையும் தாண்டிவிட்டது. காலையில் கிளப்பும்போது வரும் நீலப்புகையும் இதையே சொல்கிறது. ஆகவே ரிங்குகளும் லைனர்களும் மாற்றியாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. புரொப்பல்லரை மட்டும் சரிசெய்து தப்பிக்கும் கட்டத்தை உங்கள் இன்ஜின் கடந்துவிட்டது.

மூன்றாவது ஓவர்ஹால் கூடாதா?

கூடும், சகோதரி. கணக்கில் வர வேண்டியது எத்தனையாவது முறை என்பது அல்ல; பிளாக்கிலும் (இன்ஜினின் உடல்) கிராங்க் ஷாஃப்டிலும் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) எவ்வளவு உலோகம் மிச்சம் இருக்கிறது என்பதுதான். உங்கள் இன்ஜின் வகையில் லைனர் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியது. பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு, கைடு எல்லாமே மாற்றுப் பொருள்கள். எத்தனை முறை மாற்றினாலும் அவை புதியவைதான். மாற்ற முடியாததும், மாற்றினால் செலவு எகிறுவதும் அந்த இரண்டு மட்டுமே.

கிராங்க் ஷாஃப்டின் ஜர்னல்களை, அதாவது பேரிங்கில் அமரும் உருண்டைப் பகுதிகளை, ஒவ்வொரு முறை சாணை பிடிக்கும்போதும் 0.25 மில்லிமீட்டர் வீதம் விட்டம் குறைத்து, அதற்கேற்ற தடித்த பேரிங்கைப் போடுவார்கள். 2018இலும் 2022இலும் சாணை பிடித்திருந்தால் அது இப்போது 0.50இல் இருக்கும், இன்னொரு சாணைக்கு இடம் இருக்கலாம். முதல் முறையே ஆழமாகக் கீறல் விழுந்து 0.50 எடுத்திருந்தால், இப்போது அது 0.75இல் இருக்கும், அந்த வகைக்கு உற்பத்தியாளர் அனுமதிக்கும் கடைசி அளவு எது என்று கையேட்டைப் பார்த்துத்தான் தொட வேண்டும். பட்டறைக்காரர் விரலால் தடவிப் பார்த்து 'நன்றாக இருக்கிறது, தம்பி' என்றால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு ஜர்னலையும் மைக்ரோமீட்டரால் நான்கு இடத்தில் அளக்க வேண்டும்: முன்பக்கம் இரண்டு குறுக்களவு, பின்பக்கம் இரண்டு குறுக்களவு. அப்போதுதான் அது முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா, ஒரு பக்கம் சரிந்திருக்கிறதா என்பது தெரியும். வெடிப்புச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். காந்தத் துகள் தெளித்துப் பார்க்கும் அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு, கடலில் கிராங்க் முறிந்தால் ஏற்படும் நட்டத்துக்கு முன் ஒரு பொருட்டே இல்லை.

பிளாக்கில், லைனர் உட்காரும் மேல் விளிம்பையும் கீழே ரப்பர் வளையம் அமரும் இடத்தையும் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே துரு அரித்துக் குழி விழுந்திருந்தால், புது லைனர் போட்டாலும் தண்ணீர் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். கழற்றிய பழைய லைனரின் வெளிப்புறத்தில் ஊசியால் குத்தியதுபோலப் புள்ளிகள் இருந்தால், குளிர்விப்பு நீரில் கூலன்ட் கலக்காமல் வெறும் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறார்கள் என்று பொருள். இனி அது நடக்கக் கூடாது.

என் அளவுகோல் எளிமையானது. பிளாக் நன்றாக இருந்து, கிராங்கில் இன்னொரு சாணைக்கு இடம் இருந்தால் ஓவர்ஹால் செய்யுங்கள். இரண்டில் ஒன்று போய்விட்டது, அதை மாற்றினால் மொத்தச் செலவு புது இன்ஜின் விலையில் பாதியைத் தாண்டுகிறது என்றால், அத்தோடு நிறுத்திவிட்டுப் புதியது வாங்குங்கள். இதனால்தான் இன்ஜினை மொத்தமாக ஒப்பந்தம் பேசிக் கொடுக்கக் கூடாது என்கிறேன். பிரித்துக் கழுவி அளப்பதற்கு மட்டும் முதலில் ஒரு கூலி பேசுங்கள். அளவுச் சீட்டு கைக்கு வந்த பிறகு அடுத்த கட்டத்தை முடிவு செய்யுங்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் பிரித்துவிட்டால், மே முதல் வாரத்தில் நீங்கள் தீர்மானத்துக்கு வந்துவிடலாம். புதியது வாங்குவதென்றாலும் போதிய நாள் இருக்கும்.

புது இன்ஜின் மிச்சப்படுத்தித் தரும் டீசல்

விற்பனையாளர் 'டீசல் மிச்சத்திலேயே மூன்று வருடத்தில் காசு திரும்பிவிடும்' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நோட்டை வைத்தே பார்ப்போம். 2022இல் மணிக்கு 15.5 லிட்டர், இப்போது 18 லிட்டர். ஆண்டுக்கு 160 நாள், நாளுக்கு 12 மணி என்ற உங்கள் கணக்கில் 1,920 மணி நேரம். கூடுதலாகப் போவது 4,800 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,32,000 ரூபாய். விசைப்படகுக்கு அரசு தரும் வரிவிலக்கு டீசல் ஆண்டுக்கு 19,000 லிட்டர்தான். நீங்கள் எரிப்பது அதைவிட மிக அதிகம் என்பதால், வீணாகும் அத்தனை லிட்டரும் முழு விலை கொடுத்து வாங்கியவை.

இந்த 4,32,000 ரூபாயும் புது இன்ஜினால் திரும்பி வரும் என்று விற்பனையாளர் சொல்வதுதான் தவறு. இதில் பெரும்பகுதி, புரொப்பல்லர் சரியாகி ரிங்கும் லைனரும் இன்ஜெக்டர் நாசிலும் புதிதானாலே திரும்பிவிடும். ஒழுங்காக ஓவர்ஹால் செய்த இன்ஜினுக்கும் புதியதற்கும் இடையே 5 சதவீத வித்தியாசம் இருப்பதாகத் தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் 1,490 லிட்டர், அதாவது 1,34,000 ரூபாய். இரண்டு வழிக்கும் விலை வித்தியாசம் 6,40,000 ரூபாய். வட்டியே இல்லாவிட்டாலும் அது திரும்ப ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஆகும். புது இன்ஜினுக்கு உத்தரவாதம் உண்டு, மனநிம்மதி உண்டு. அவற்றுக்கும் ஒரு விலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் டீசல் மிச்சத்தை மட்டும் நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

200 குதிரைத்திறன் வேண்டும் என்ற உங்கள் கணவரின் ஆசையை நான் புரிந்துகொள்கிறேன். முதலில் கரை சேருகிற படகின் மீனுக்குத்தான் நல்ல விலை. ஆனால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகின் வேகத்துக்கு, அதன் நீர்மட்ட நீளம் ஓர் எல்லையை வகுத்துவிடுகிறது. உங்கள் படகுக்கு அது மணிக்குச் சுமார் 9 கடல் மைல். இப்போது நன்றாக ஓடினால் 8 வரும் என்கிறீர்கள். அந்த ஒரு மைல் கூடுவதற்கே குறைந்தது 40 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு டீசல் ஊற்றினாலும் படகு தன் அலையைத் தானே ஏறிக்கொண்டிருக்குமே தவிர, வேகம் கூடாது. தவிர, 120க்கு என்று அமைத்த இன்ஜின் பெட் மரங்களும் ஷாஃப்டும் கியர்பாக்ஸும் 200ஐத் தாங்காது. அவற்றையும் மாற்ற வேண்டும். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் 240 குதிரைத்திறன் வரை அனுமதிக்கின்றன என்பது உண்மை. ஆனால் அனுமதி இருப்பதாலேயே உங்கள் மரப் படகுக்கு அது பொருந்திவிடாது.

லாரி இன்ஜினைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, வேண்டாம். லாரி இன்ஜினின் திறன், ஏறி இறங்கி, நின்று நின்று ஓடுவதற்காகக் குறிக்கப்பட்டது. படகில் அது 12 மணி நேரம் இடைவிடாமல் முக்கால் சுமைக்கு மேல் இழுக்க வேண்டும். அந்த இன்ஜினின் முந்தைய வாழ்க்கைக்கு உங்களுடையதைப் போல ஒரு நோட்டும் கிடையாது.

6 லட்சம் முன்பணம்

வட்டியில்லாத கடன் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே, முன்பணம் வாங்கியவர்களுக்கு ஏலத் தரகு 8 சதவீதம், மற்றவர்களுக்கு 5 சதவீதம் என்றும், ஆண்டுக்குச் சுமார் 30 லட்சத்துக்கு மீன் விற்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த 3 சதவீதம் ஆண்டுக்கு 90,000 ரூபாய். 6 லட்சத்துக்கு 15 சதவீத வட்டிக்குச் சமம். நீங்கள் பாதியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் தரகு குறையாது. அப்போது அதே 90,000 ரூபாய், மீதமுள்ள 3 லட்சத்துக்கு 30 சதவீதமாகிவிடும். வேறு ஏலத்தில் நல்ல விலை போனாலும் அங்கே கொண்டுபோக முடியாது என்பது தனி. அவரைத் தவறான மனிதர் என்று நான் சொல்லவில்லை. கடற்கரையில் இது பழைய வழக்கம், அவசரத்துக்குக் கைகொடுப்பவரும் அவர்தான். ஆனால் இது வட்டியில்லாத கடன் அல்ல என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

2018-19 முதல் கிசான் கடன் அட்டை மீனவர்களுக்கும் உண்டு. அது டீசல், ஐஸ் போன்ற நடைமுறைச் செலவுக்கானது. அந்தச் செலவை அட்டையில் போட்டுவிட்டு, கையில் இருப்பதாக நீங்கள் எழுதியிருக்கும் 2 லட்சத்தை ஓவர்ஹாலுக்குத் திருப்பினால், முன்பணம் வாங்காமலே சமாளிக்க வழி பிறக்கலாம். வங்கியிலும் உங்கள் மீனவர் கூட்டுறவு சங்கத்திலும் இப்போதே கேளுங்கள்.

பட்டறையோடு எழுதிக்கொள்ள வேண்டியவை

சாணை அளவு, லைனர் அளவு குறித்த சீட்டு. வாங்கிய ஒவ்வொரு பாகத்துக்கும் பில். கழற்றிய பழைய பாகங்கள் உங்களிடமே திரும்புவது. எத்தனை மணி நேரத்துக்கு வேலைக்கு உத்தரவாதம் என்பது. இவை நான்கும் ஒரு தாளில், தேதியோடு, இருவர் கையெழுத்தோடு இருக்கட்டும். தொகையின் கடைசிப் பகுதியைக் கடலில் ஓட்டிப் பார்த்த பிறகே கொடுங்கள். வேலையில் குறை இருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். வணிகத்துக்காக வாங்கியது என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆனால் வாழ்வாதாரத்துக்காகச் சுயதொழில் செய்பவரை அந்தச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், தாள் கையில் இருக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும், கியர்பாக்ஸையும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கை நேர்செய்வதை மட்டும் படகு தண்ணீரில் இறங்கிய பிறகு செய்யச் சொல்லுங்கள். மரப் படகு கரையில் ஒரு வடிவத்திலும் நீரில் இன்னொரு வடிவத்திலும் இருக்கும். வேலைக்கு வந்த புதிதில், தடைக்காலம் முடிய இரண்டே நாள் இருந்த அவசரத்தில், ஒரு படகின் இன்ஜினைக் கரையிலேயே நேர்பார்த்துக் கொடுத்துவிட்டேன். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் எங்கும் நுழையாத அளவுக்கு அன்று கச்சிதமாக இருந்தது. ஒரு சீசன் முடிவதற்குள் கியர்பாக்ஸ் சீல் கசிந்து, பின்பேரிங் தேய்ந்து, படகுக்காரர் ஒன்பது நாள் தொழிலை இழந்தார். நீரில் வைத்து அளந்தபோது கப்ளிங்கின் மேல்பக்கம் 0.4 மில்லிமீட்டர் திறந்திருந்தது. அவருடைய முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. படகு இறங்கி இரண்டு நாள் ஊறிய பிறகு, வழக்கமான டீசல் ஏற்றி, நான்கு திசையிலும் கேஜ் வைத்துப் பாருங்கள். 4 அங்குலக் கப்ளிங்குக்கு 0.10 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

புரொப்பல்லரை அதற்கு முன்பே, படகு கரையில் இருக்கும்போதே, கழற்றி லேத்தில் 36 அங்குலத்துக்குக் குறைத்து, பேலன்ஸ் பார்த்து மாட்டிவிடுங்கள். அல்லது பழைய அளவில் வேறொன்று வாங்குங்கள். ஓட்டிப் பார்க்கும்போது 1,780க்குக் குறையாமல் வர வேண்டும். முதல் 50 மணி நேரம் முழு வேகம் வேண்டாம். சும்மா ஓடவும் விட வேண்டாம். நடுத்தரச் சுமையில் ஏற்றி இறக்கி ஓட்டி, 50 மணி முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ரிங்குகள் லைனரோடு பொருந்துவது அந்த 50 மணி நேரத்தில்தான்.

புது இன்ஜின் என்று முடிவானால், மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பதிவுச் சான்றிதழில் இன்ஜின் எண்ணையும் திறனையும் மாற்றிக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பழைய எண்ணோடு புது இன்ஜின் ஓடினால், விபத்து நேரும்போது இழப்பீட்டுக்கு அலைய நேரிடும்.

கொழுந்தனாரின் பைபர் படகு இன்ஜின் வேறு கதை. காற்றில் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், இரண்டு முறை ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தி) ஆகிவிட்டது, சிலிண்டரின் துடுப்புகள் உப்பில் அரித்து உதிர்கின்றன என்கிறீர்கள். அதற்கு இனிச் செலவு செய்ய வேண்டாம். புதியது வாங்கச் சொல்லுங்கள். ஆனால் வாங்குவதற்கு முன் மீன்வளத் துறையில் மானியத்துக்கு விண்ணப்பித்து, ஒப்புதல் வந்த பிறகே பணம் கட்டட்டும். முதலில் வாங்கிவிட்டு பில்லோடு போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்ஜினைப் பிரித்து அளவுச் சீட்டு வந்ததும், ஏழு மெயின் ஜர்னல், ஆறு கனெக்டிங் ராடு ஜர்னல் ஆகிய பதின்மூன்றின் அளவையும், பிளாக்கில் லைனர் அமரும் இடத்தின் புகைப்படத்தையும், டாக்கோமீட்டரில் வந்த இரண்டு எண்களையும் எனக்கு அனுப்புங்கள். உங்கள் கணவரும் டிரைவரும் அந்தச் சோதனை ஓட்டத்தில் கூடவே இருக்கட்டும். எண்ணைப் படிப்பது டிரைவராக இருந்தாலும், நோட்டில் எழுதுவது நீங்களாகவே இருங்கள்.

அன்புடன்,
உங்கள் இன்ஜின் ஆலோசகர்